சர்வாதிகாரியின் வங்கிக் கணக்கு
பிலிப்பைன்ஸ் மக்கள் கொடுத்த விலையும் உழைக்கும் வர்க்கத்துக்கான பாடங்களும்

(கட்சிக் கல்வி வகுப்பு ஒன்றில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



1968ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், ஜூரிச் நகரத்தின் கிரெடிட் சுவிஸ் வங்கியில் இரண்டு பெயர்களில் கணக்குகள் தொடங்கப்பட்டன. ஒன்று வில்லியம் சாண்டர்ஸ். மற்றொன்று ஜேன் ரயான். நான்கு காசோலைகள் மூலம் ஏறத்தாழ 9.5 லட்சம் டாலர் அந்தக் கணக்குகளில் சேர்ந்தது. சாண்டர்ஸ் என்றொருவரும் இல்லை, ரயான் என்றொருவரும் இல்லை. படிவங்களில் கையெழுத்திட்டவர்கள் பிலிப்பைன்ஸ் நாட்டின் குடியரசுத் தலைவர் ஃபெர்டினாண்ட் மார்க்கோசும் அவருடைய மனைவி இமெல்டாவும் ஆவர். தங்கள் உண்மைப் பெயரையும் புனைபெயரையும் ஒரே தாளில் எழுதி, புனைபெயருக்கான மாதிரிக் கையெழுத்தையும் அவர்கள் வங்கியிடம் கொடுத்தனர். வாடிக்கையாளர் யார் என்பது வங்கிக்கு நன்றாகத் தெரியும். தெரியாமல் இருந்தது பிலிப்பைன்ஸ் மக்களுக்கு மட்டுமே.

இராணுவச் சட்டம் பிறப்பிக்கப்படுவதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே இந்தக் கணக்குகள் தொடங்கப்பட்டுவிட்டன என்பதைத் தோழர்கள் கவனிக்க வேண்டும். 1972 செப்டம்பரில் நாடாளுமன்றம் பூட்டப்பட்டது, பத்திரிகைகள் மூடப்பட்டன, எதிர்க்கட்சித் தலைவர்களும் தொழிற்சங்கத் தலைவர்களும் மாணவர்களும் சிறையில் அடைக்கப்பட்டனர். மார்க்கோஸ் ஆட்சிக் காலத்தில் ஏறத்தாழ 70,000 பேர் சிறைப்படுத்தப்பட்டனர், 34,000 பேர் சித்திரவதை செய்யப்பட்டனர், 3,200க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர் என்பது மனித உரிமை அமைப்புகளின் ஆவணங்களை அடிப்படையாகக் கொண்ட மதிப்பீடு. இந்த ஒடுக்குமுறை 14 ஆண்டுகள் நீடித்தது எப்படி? இராணுவத்தின் துணையால் என்பது பாதி விடைதான். அந்த இராணுவத்துக்குச் சம்பளம் கொடுக்கவும், ஆதரவாளர்களுக்குப் பங்கு கொடுக்கவும், நெருக்கடி வந்தபோதெல்லாம் அந்நியச் செலாவணியைத் திரட்டவும் மார்க்கோசுக்கு எங்கிருந்து பணம் வந்தது என்பதில் மறுபாதி இருக்கிறது.

உள்ளே வந்த பணம்

மார்க்கோஸ் இராணுவச் சட்டத்தைப் பிறப்பித்தபோது அந்நிய முதலீட்டாளர்கள் அஞ்சி ஓடவில்லை. வேலைநிறுத்தம் தடை செய்யப்பட்ட நாடு அவர்களுக்குப் பாதுகாப்பான நாடாகவே தெரிந்தது. 1950 முதல் 1972 வரையிலான 22 ஆண்டுகளில் உலக வங்கி பிலிப்பைன்சுக்கு வழங்கிய கடன் ஏறத்தாழ 32.6 கோடி டாலர். 1973 முதல் 1981 வரையிலான ஒன்பது ஆண்டுகளில் அது வழங்கியதோ 260 கோடி டாலருக்கும் மேல். நாடாளுமன்றம் இருந்த காலத்தில் சிறு துளியாகச் சொட்டிய கடன், நாடாளுமன்றம் பூட்டப்பட்ட பிறகு வெள்ளமாகப் பாய்ந்தது. உலக வங்கியின் இரகசிய ஆவணங்களை ஆயிரக்கணக்கான பக்கங்கள் திரட்டி, இந்த உறவை 1982இல் நூலாக அம்பலப்படுத்தியவர்கள் வால்டன் பெல்லோவும் அவருடைய தோழர்களும் ஆவர்.

உலக வங்கியும் சர்வதேச நிதியமும் கதவைத் திறந்துவிட்டதும் தனியார் வங்கிகள் பின்தொடர்ந்தன. 1973இல் எண்ணெய் விலை உயர்ந்த பிறகு, எண்ணெய் வள நாடுகளின் டாலர்கள் நியூயார்க், லண்டன் வங்கிகளில் குவிந்தன. குவிந்த பணத்துக்கு வட்டி கொடுக்க வேண்டுமென்றால் அதை யாருக்காவது கடனாகத் தள்ளிவிட வேண்டும். மூன்றாம் உலகின் சர்வாதிகாரிகள் அதற்கு வசதியான வாடிக்கையாளர்கள். நாடாளுமன்றத்தில் விவாதம் கிடையாது. பத்திரிகைகளில் கேள்வி கிடையாது. ஒரு கையெழுத்துப் போதும். கடனைத் திருப்பிச் செலுத்தும் பொறுப்போ கையெழுத்திட்டவருக்கு அல்ல, நாட்டுக்கு.

விளைவு என்ன? 1970இல் 200 கோடி டாலரைச் சற்றே தாண்டியிருந்த பிலிப்பைன்சின் வெளிநாட்டுக் கடன், மார்க்கோஸ் விரட்டப்பட்ட 1986இல் ஏறத்தாழ 2,800 கோடி டாலராக உயர்ந்திருந்தது. இதற்கிடையில், 1977இல், மார்க்கோஸ் ஓர் ஆணை பிறப்பித்தார். குடியரசுத் தலைவர் ஆணை எண் 1177 என்று அறியப்படும் அதன்படி, கடனுக்கான அசலும் வட்டியும் ஆண்டுதோறும் தாமாகவே நிதிநிலை அறிக்கையில் ஒதுக்கப்பட வேண்டும். பள்ளிக்கு ஆசிரியரை நியமிக்கலாமா, மருத்துவமனைக்கு மருந்து வாங்கலாமா என்பதற்கு விவாதம் உண்டு. வெளிநாட்டு வங்கிக்குக் கொடுக்கலாமா என்பதற்கு விவாதமே இல்லை. சர்வாதிகாரி வீழ்ந்த பின்னரும் அந்த விதி 1987ஆம் ஆண்டின் நிர்வாகச் சட்டத்தில் அப்படியே தொடர்ந்தது.

இந்தக் கடன் ஆட்சிக்கு எவ்வகையில் உயிரூட்டியது என்பதற்கு ஒரே ஒரு திட்டத்தை எடுத்துக்கொண்டால் போதும். பட்டான் தீபகற்பத்தில் மொரோங் என்ற ஊரில் அணுமின் நிலையம் கட்டும் ஒப்பந்தம் அமெரிக்காவின் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்துக்கு அளிக்கப்பட்டது. இரண்டு அணு உலைகளுக்கு ஏறத்தாழ 50 கோடி டாலர் என்று தொடங்கிய பேச்சு, ஓர் உலைக்கு 200 கோடி டாலருக்கும் மேல் என்று முடிந்தது. அமெரிக்க அரசின் ஏற்றுமதி-இறக்குமதி வங்கி கடனும் உத்தரவாதமும் அளித்தது. மார்க்கோசின் நெருங்கிய கூட்டாளியான ஹெர்மினியோ டிசினி இதில் பெற்ற தரகுப் பணத்தைத் திருப்பிச் செலுத்த வேண்டும் என்று பிலிப்பைன்சின் ஊழல் தடுப்பு நீதிமன்றம் 2012இல் தீர்ப்பளித்தது. கடன் கொடுத்தவருக்கு வட்டி, கட்டியவருக்குக் கொள்ளை இலாபம், கூட்டாளிக்குத் தரகு. மக்களுக்கு? அந்த நிலையம் இன்றுவரை ஒரு யூனிட் மின்சாரத்தைக்கூட விற்பனைக்கு உற்பத்தி செய்யவில்லை. 1985 ஜூனில் பட்டான் மக்கள் மூன்று நாள் பொது வேலைநிறுத்தம் செய்து அதை எதிர்த்தார்கள். மார்க்கோசின் வீழ்ச்சிக்குப் பிறகு, செர்னோபில் விபத்தையும் கண்ட புதிய அரசு அதை இயக்குவதில்லை என்று முடிவு செய்தது. ஆனால் கடன் மட்டும் இயங்கிக்கொண்டே இருந்தது. அதன் கடைசித் தவணை 2007இல்தான் செலுத்தி முடிக்கப்பட்டது. வேலைநிறுத்தம் நடந்த ஆண்டில் பிறந்த குழந்தை 22 வயது இளைஞராக வளர்ந்து, வரி செலுத்தி, அந்தக் கடனை அடைக்க வேண்டியிருந்தது.

வெளியே போன பணம்

நாட்டுக்குள் வந்த பணத்தின் ஒரு பெரும்பகுதி வேறு வழியாக வெளியேறியது. அரசுக் கடனிலிருந்தும் ஒப்பந்தங்களிலிருந்தும் வெட்டப்பட்ட பணத்துடன் உழவர்களிடமிருந்து நேரடியாகப் பறிக்கப்பட்ட பணமும் இருந்தது. தேங்காய் விற்ற ஒவ்வோர் உழவரிடமிருந்தும் 1970களின் தொடக்கம் முதல் 1982 வரை தீர்வை வசூலிக்கப்பட்டது. தென்னை உழவர்களின் நலனுக்கு என்று சொல்லப்பட்ட அந்தப் பணத்தில், மார்க்கோசின் கூட்டாளியான எடுவார்டோ கோஹுவாங்கோவின் கட்டுப்பாட்டில் ஒரு வங்கி வந்தது. பின்னர் நாட்டின் மிகப் பெரிய உணவு, மது நிறுவனமான சான் மிகேலின் பங்குகள் வாங்கப்பட்டன. அந்தப் பங்குகளின் ஒரு பெரும்பகுதி தென்னை உழவர்களுக்காக அரசுக்கே சொந்தம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளிக்க 2012 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தீர்வை கொடுத்த உழவர்களில் எத்தனையோ பேர் அதற்குள் மறைந்துவிட்டார்கள்.

வெளிநாட்டுக்குச் சென்ற பணம் நேர்வழியில் செல்லவில்லை. சுவிட்சர்லாந்தில் 1934ஆம் ஆண்டின் வங்கிச் சட்டப்படி வாடிக்கையாளரின் விவரத்தை வெளியிடுவதே குற்றம். அந்தத் திரை போதாது என்று பக்கத்து நாடான லிச்டென்ஸ்டைனில் அறக்கட்டளைகள் நிறுவப்பட்டன. கணக்கு அறக்கட்டளையின் பெயரில் இருக்கும்; அறக்கட்டளையை வழக்கறிஞர்கள் நடத்துவார்கள்; பயனடைபவர் யார் என்பது பூட்டிய பெட்டியில் இருக்கும். நியூயார்க்கில் வால் ஸ்ட்ரீட் 40ஆம் எண் கட்டடம், ஐந்தாம் அவென்யூவிலுள்ள கிரவுன் கட்டடம் உள்ளிட்ட சொத்துக்கள், நெதர்லாந்து ஆண்டிலிஸ் போன்ற தீவுகளில் பதியப்பட்ட நிறுவனங்களின் பெயரில் வாங்கப்பட்டன. தமிழில் பினாமி என்று ஒற்றைச் சொல்லில் சொல்லப்படுவதை, உலக நிதி மூலதனம் மூன்று கண்டங்களில் பரப்பி, சட்டப்படியான தொழிலாக மாற்றி வைத்திருக்கிறது.

மார்க்கோஸ் குடும்பம் கொள்ளையடித்த மொத்தத் தொகை 500 கோடி முதல் 1,000 கோடி டாலர் வரை இருக்கும் என்று மதிப்பிடப்படுகிறது. சுவிஸ் கணக்குகளில் கண்டறியப்பட்ட பகுதியைப் பற்றி மட்டும் பிலிப்பைன்ஸ் உச்ச நீதிமன்றம் 2003 ஜூலை மாதம் அளித்த தீர்ப்பு ஓர் எளிய கணக்கைப் போட்டது. 1965 முதல் 1986 வரை கணவன், மனைவி இருவரும் அரசுப் பதவிகளில் பெற்ற சட்டப்படியான வருமானம் ஏறத்தாழ 3.04 லட்சம் டாலர். சுவிஸ் கணக்குகளில் இருந்த தொகையோ 35.6 கோடி டாலர். வட்டியுடன் அது 65.8 கோடி டாலராக வளர்ந்திருந்தது. வருமானத்துக்குப் பொருந்தாத சொத்து முறைகேடாகச் சேர்த்ததாகவே கருதப்படும் என்ற 1955ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அது முழுவதும் அரசுடைமையாக்கப்பட்டது.

இந்த இரு ஓட்டங்களையும் தனித்தனியாகப் பார்த்தால் ஒன்று வளர்ச்சிக் கடனாகத் தெரியும். மற்றொன்று தனி மனிதரின் ஊழலாகத் தெரியும். சேர்த்துப் பார்த்தால்தான் முழு உருவம் தெரியும். ஒரு வாசல் வழியாகக் கடனாக வந்த டாலர், மறு வாசல் வழியாக வைப்புத்தொகையாக அதே மேற்கத்திய வங்கி அமைப்புக்குத் திரும்பியது. வங்கி அமைப்பு கடனுக்கு வட்டி வாங்கியது. வைப்புத்தொகையை வைத்தும் இலாபம் ஈட்டியது. நடுவில் நின்ற நாட்டிடம் கடன் பத்திரம் மட்டுமே எஞ்சியது. பொதுக்கடன் என்பது மூலதனத்தின் ஆதித் திரட்டலுக்கான வலிமையான கருவிகளில் ஒன்று என்று மார்க்ஸ் ‘மூலதனம்’ நூலில் சுட்டிக்காட்டினார். கடன் கொடுக்கும் நாடுகளுக்கும் கடன்பட்ட நாடுகளுக்கும் இடையிலான உறவை ஏகாதிபத்தியத்தின் அடிப்படைக் கூறாக லெனின் விளக்கினார். மணிலாவில் நடந்தது அவர்கள் விளக்கிய போக்கின் இருபதாம் நூற்றாண்டு வடிவம்.

ஆட்சியைத் தாங்கிய மூன்று தூண்கள்

நிதி வலைப்பின்னல் ஒரு சர்வாதிகார ஆட்சியை எவ்வாறு தாங்குகிறது என்பதை இந்த அனுபவத்திலிருந்து மூன்றாகத் தொகுக்கலாம்.

முதலாவது, ஆதரவைக் கட்டிப்போடுதல். கடனும் ஒப்பந்தங்களும் குடியரசுத் தலைவரின் மாளிகை வழியாகவே பிரிக்கப்பட்டன. தேங்காய் ஒருவருக்கு, சர்க்கரை மற்றொருவருக்கு, கட்டுமானம் இன்னொருவருக்கு. இந்தக் கூட்டுக் களவாணி முதலாளித்துவத்தில் பங்குபெற்ற ஒவ்வொருவருக்கும் ஆட்சி நீடிப்பதே தன் சொத்து நீடிப்பதற்கான உத்தரவாதம். அவர்கள் வாக்குக்காகவோ கொள்கைக்காகவோ ஆட்சியோடு நிற்கவில்லை, கணக்குக்காக நின்றார்கள்.

இரண்டாவது, மக்களிடம் பதில் சொல்லும் கடமையிலிருந்து விடுபடுதல். மக்களின் வரியை மட்டும் நம்பியிருக்கும் அரசு மக்களோடு ஏதேனும் ஒரு வகையில் பேசித்தான் ஆக வேண்டும். வாஷிங்டனிலும் நியூயார்க்கிலும் கடன் கிடைக்கும்வரை சர்வாதிகாரிக்கு அந்தத் தேவை இல்லை. அங்குள்ளவர்களின் நம்பிக்கையே அவருக்குப் போதும். கிளார்க், சூபிக் இராணுவத் தளங்கள் அமெரிக்காவின் கையில் இருந்தவரை அந்த நம்பிக்கைக்குக் குறைவும் இல்லை. 1981இல் மணிலா வந்த அமெரிக்கத் துணைக் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் புஷ், ஜனநாயக நெறிகளில் மார்க்கோஸ் கொண்ட பற்றை விருந்து மேடையிலேயே புகழ்ந்தார்.

மூன்றாவது, தப்பிக்கும் வழியைக் காப்பீடு செய்தல். வீழ்ந்தாலும் வாழலாம், வழக்கு வந்தால் வழக்கறிஞர்களை அமர்த்தலாம், காலம் கனிந்தால் திரும்பி வரலாம். வெளிநாட்டில் பதுக்கிய பணம் இந்த மூன்று உறுதிகளையும் தந்தது.

இந்தத் தூண்கள் எவ்வளவு உறுதியானவையோ அவ்வளவு பொய்யானவை என்பது 1983இல் வெளிப்பட்டது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 21 அன்று எதிர்க்கட்சித் தலைவர் பெனிக்னோ அக்கினோ மணிலா விமான நிலையத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். மக்கள் இலட்சக்கணக்கில் தெருவுக்கு வந்தார்கள். மூலதனம் வெளியே ஓடியது. அக்டோபரில் கடன் தவணைகளைச் செலுத்த இயலாது என்று அரசு அறிவித்தது. மத்திய வங்கி தனது அந்நியச் செலாவணிக் கையிருப்பை ஏறத்தாழ 60 கோடி டாலர் கூட்டிக் காட்டியிருந்தது என்பது அம்பலமானது. அதன் பிறகும் கடன் கொடுத்தவர்கள் விலகவில்லை. சர்வதேச நிதியம் புதிய நிபந்தனைகளுடன் 1984 டிசம்பரில் மீண்டும் ஒப்பந்தம் செய்துகொண்டது. செலவு வெட்டு, பெசோ மதிப்புக் குறைப்பு, விலைவாசி உயர்வு என எல்லாம் உழைக்கும் மக்கள் தலையில் விழுந்தன. 1984, 1985 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் பொருளாதாரம் ஆண்டுக்கு 7 சதவீதத்துக்கும் மேல் சுருங்கியது. 1986 பிப்ரவரி 25 அன்று மக்கள் எழுச்சியின் முன் நிற்க முடியாமல் மார்க்கோஸ் குடும்பம் அமெரிக்க விமானத்தில் ஹவாய்க்குப் பறந்தது.

திரும்பி வந்த பணம், திரும்பாத நீதி

ஓடியவர்கள் அரண்மனையில் விட்டுச்சென்ற ஆவணங்களிலிருந்துதான் சாண்டர்சும் ரயானும் வெளிச்சத்துக்கு வந்தார்கள். 1986 மார்ச் 24 அன்று, பணத்தை வேறிடத்துக்கு மாற்ற முயற்சி நடந்த வேளையில், சுவிட்சர்லாந்து அரசு அந்தக் கணக்குகளை முடக்கியது. அதன்பின் வழக்கு மேல் வழக்கு. சுவிஸ் உச்ச நீதிமன்றம் பணத்தை மணிலாவுக்கு மாற்ற அனுமதித்தது 1997 டிசம்பரில். பிலிப்பைன்ஸ் உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு 2003இல். சித்திரவதைக்கு ஆளானவர்களுக்கு அந்தப் பணத்திலிருந்து 1,000 கோடி பெசோ ஒதுக்கும் சட்டம் 2013இல். பாதிக்கப்பட்டோரின் இறுதிப் பட்டியல் 2018இல். 75,000க்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தனர். 11,103 பேர் ஏற்கப்பட்டனர். மின்சாரம் பாய்ச்சப்பட்ட உடல்கள், காணாமல் போன பிள்ளைகளைத் தேடி அலைந்த தாய்மார்கள் முப்பது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தார்கள். வங்கிகளின் வட்டியோ ஒரு தவணைகூடக் காத்திருக்கவில்லை.

இங்கே ஒரு கசப்பான உண்மையையும் பதிவு செய்ய வேண்டும். மக்கள் எழுச்சியால் பதவிக்கு வந்த கொரசோன் அக்கினோ அரசு, மார்க்கோஸ் வாங்கிய கடன்கள் அனைத்தையும் செலுத்துவதாக ஏற்றுக்கொண்டது. ஒடுக்குமுறையாளன் மக்களின் நலனுக்கு எதிராக, கடன் கொடுப்பவருக்கும் தெரிந்தே வாங்கிய கடன் மக்களைக் கட்டுப்படுத்தாது என்ற கோட்பாட்டை அலெக்சாண்டர் சாக் என்ற சட்ட அறிஞர் 1927இலேயே வகுத்திருந்தார். 1988இல் உருவான ‘கடனிலிருந்து விடுதலைக் கூட்டணி’ இதற்காகப் போராடியது. அரசு இணங்கவில்லை. சர்வாதிகாரி துரத்தப்பட்டான், சர்வாதிகாரிக்குக் கடன் கொடுத்தவர்கள் தொடப்படவில்லை. கொள்ளையின் ஒரு பகுதி மீளாமலேயே குடும்பத்தின் கையில் நின்றது. அந்தக் குடும்பம் மாகாண ஆட்சிக்கும், நாடாளுமன்றத்துக்கும், 2022இல் மார்க்கோஸ் இளையவரின் வடிவில் குடியரசுத் தலைவர் மாளிகைக்கும் திரும்பியது. பொருளாதார அடித்தளம் தொடப்படாத அரசியல் வெற்றி எவ்வளவு எளிதில் பின்னோக்கி உருளும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

ஒரு நாட்டின் கதை மட்டுமல்ல

காங்கோவை ஸயர் என்று பெயர் மாற்றி ஆண்ட மொபுட்டுவின் மத்திய வங்கிக்கு, சர்வதேச நிதியம் 1978இல் எர்வின் புளூமென்தால் என்ற ஜெர்மானிய வங்கி அதிகாரியை அனுப்பியது. ஊழல் வேரோடிய இந்த ஆட்சியிடம் கொடுத்த கடன் திரும்பி வர வாய்ப்பில்லை என்று அவர் 1982இல் எழுத்து மூலம் எச்சரித்தார். அதன் பிறகும் கடன் நிற்கவில்லை. பனிப்போரில் மொபுட்டு தேவைப்பட்டார். 1997இல் அவர் விரட்டப்பட்டபோது 1,200 கோடி டாலருக்கும் மேற்பட்ட கடன் அந்த ஏழை மக்களின் தலையில் இருந்தது.

சிலியில் அயெந்தேயைக் கவிழ்த்த பினோசெட், தான் பண ஆசை இல்லாத இராணுவ வீரன் என்று பெருமை பேசியவர். அவருடைய பல இலட்சம் டாலர்களை வாஷிங்டனின் ரிக்ஸ் வங்கி மறைத்து வைத்திருந்ததை, 1998இல் இலண்டனில் அவர் கைதான பிறகும் அதைப் பாதுகாத்ததை, அமெரிக்க செனட்டின் துணைக் குழு ஒன்று 2004இல் அம்பலப்படுத்தியது. நைஜீரியாவின் இராணுவ சர்வாதிகாரி சானி அபாச்சாவுடன் தொடர்புள்ள 130 கோடி டாலர், இலண்டன் நகரின் 23 வங்கிகள் வழியாகப் பாய்ந்ததைப் பிரிட்டனின் நிதி ஒழுங்குமுறை ஆணையமே 2001இல் கண்டறிந்தது. ஆனால் அந்த வங்கிகளின் பெயர்களை அது வெளியிடவில்லை.

இந்தப் பட்டியலில் ஏகாதிபத்தியத்தின் அடியாட்கள் மட்டுமே இருக்கிறார்கள் என்று கருதினால் அது தன்னையே ஏமாற்றிக்கொள்வதாகும். அங்கோலாவின் விடுதலைப் போராட்டத்தை உலகம் முழுவதும் இடதுசாரிகள் நெஞ்சில் ஏந்தினார்கள். அந்தப் போராட்டத்துக்குத் தலைமை தாங்கிய எம்.பி.எல்.ஏ. இயக்கத்தின் ஆட்சியில், 38 ஆண்டுகள் குடியரசுத் தலைவராக இருந்த டோஸ் சாண்டோசின் மகள் இசபெல் ஆப்பிரிக்காவின் மிகப் பெரும் செல்வப் பெண்மணியாக உயர்ந்தார். அரசு நிறுவனங்களின் பணம் பல நாடுகளில் பதிவான நிறுவனங்கள் வழியாகச் சென்றதாகப் பன்னாட்டுப் பத்திரிகையாளர் கூட்டமைப்பு 2020 ஜனவரியில் ஆவணங்களை வெளியிட்டது; அதற்குச் சில வாரங்களுக்கு முன்பே அங்கோலா நீதிமன்றம் அவருடைய சொத்துக்களை முடக்கியிருந்தது. அவர் குற்றச்சாட்டுகளை மறுக்கிறார். வழக்கின் முடிவு எதுவானாலும் ஒரு பாடம் உறுதி: கொடியின் நிறம் சிவப்பாக இருப்பது மட்டுமே கணக்குப் புத்தகத்தைத் தூய்மையாக்கிவிடாது. மக்களின் கண்காணிப்பு இல்லாத இடத்தில், விடுதலை இயக்கத்தின் வாரிசுகளையும் நிதி மூலதனம் தன் வாடிக்கையாளர்களாக்கிக்கொள்ளும்.

வலையை அறுக்க முடியுமா?

முடியும் என்பதற்குத் தென் ஆப்பிரிக்கா சான்று. 1946லேயே அந்நாட்டுடன் வணிகத்தைத் துண்டித்த முதல் நாடு இந்தியா. ஆனால் மேற்கத்திய வங்கிகள் நிறவெறி அரசுக்கு நாற்பது ஆண்டுகள் கடன் கொடுத்தன. கறுப்பினத் தொழிலாளர்களும் நகர்ப்புற இளைஞர்களும் நாட்டை ஆள முடியாததாக்கியபோது, 1985 ஜூலையில் அவசர நிலை அறிவிக்கப்பட்டது. அந்த மாத இறுதியில், அமெரிக்காவின் சேஸ் மன்ஹாட்டன் வங்கி குறுகிய காலக் கடன்களைப் புதுப்பிக்க மறுத்தது. மற்ற வங்கிகளும் பின்தொடர்ந்தன. ராண்ட் சரிந்தது. செப்டம்பர் 1 அன்று நிறவெறி அரசு கடன் அசலைச் செலுத்துவதை நிறுத்திவைத்தது. பிரிட்டனில் மாணவர்கள் ஆண்டுக்கணக்கில் நடத்திய புறக்கணிப்பின் அழுத்தத்தால் பார்க்ளேஸ் வங்கி 1986 நவம்பரில் தன் தென் ஆப்பிரிக்கக் கிளை நிறுவனத்தை விற்று வெளியேறியது.

வங்கிகளுக்கு மனசாட்சி பிறந்துவிட்டதாக இதற்குப் பொருள் இல்லை. உள்ளே எழுச்சியும் வெளியே புறக்கணிப்பும் சேர்ந்து, நிறவெறியை இலாபமற்ற, ஆபத்தான முதலீடாக்கின. அந்த வங்கிகளே பின்னர் தவணைகளை மாற்றியமைத்து அந்த அரசுக்கு மூச்சுவிட அவகாசமும் கொடுத்தன. வலையை அறுத்த கை மக்களுடைய கை.

இன்று வேறொரு கை இந்த வலையைத் தன் விருப்பப்படி இழுக்கிறது. டாலர் ஆதிக்கத்தைக் கொண்டு, தனக்குப் பணியாத நாடுகளின் சொத்துக்களை அமெரிக்கா முடக்குகிறது. ஆப்கன் மத்திய வங்கியின் 700 கோடி டாலரை முடக்கி, அதில் பாதியைத் தனியே ஒதுக்கிப் பிற இழப்பீட்டு வழக்குகளுக்கென வைக்கும் ஆணையை 2022 பிப்ரவரியில் அது பிறப்பித்தது. அந்தக் குளிர்காலத்தில் பட்டினி கிடந்தவர்கள் தாலிபான் தலைவர்கள் அல்ல, ஆப்கன் மக்கள். எதேச்சதிகாரியின் தனிக் கணக்கை நீதிமன்றத் தீர்ப்பின்படி பறிமுதல் செய்வது வேறு. ஒரு நாட்டு மக்களின் சேமிப்பை வல்லரசு முடக்குவது வேறு. முன்னதை ஆதரிக்கவும் பின்னதை எதிர்க்கவும் வேண்டும் என்ற தெளிவு இடதுசாரிகளுக்குத் தேவை.

இந்தியாவுக்கு என்ன பொருத்தம்?

இருட்டில் செல்லும் பணம் ஆட்சி அதிகாரத்தை எப்படி வளைக்கும் என்பதை அறிய இந்திய மக்கள் மணிலாவுக்குச் செல்ல வேண்டியதில்லை. 2017ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் தேர்தல் பத்திரங்களைக் கொண்டுவந்தது. நிறுவனங்கள் தங்கள் சராசரி நிகர இலாபத்தில் 7.5 சதவீதத்துக்கு மேல் கட்சிகளுக்குக் கொடுக்கக் கூடாது என்ற வரம்பு நீக்கப்பட்டது. இலாபமே ஈட்டாத போலி நிறுவனமும் கோடிகளை அள்ளிக் கொடுக்கலாம். யார் கொடுத்தார் என்பது வாக்காளருக்குத் தெரியாது. அந்தத் திட்டத்தில் நிதி பெற மறுத்ததோடு, உச்ச நீதிமன்றத்தில் அதை எதிர்த்து வழக்கும் தொடுத்தது மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சி. 2024 பிப்ரவரி 15 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு, வாக்காளரின் அறியும் உரிமையை மீறுவதாகக் கூறி அத்திட்டத்தை ரத்து செய்தது. சாண்டர்ஸ் என்ற புனைபெயரும் பெயரில்லாப் பத்திரமும் அளவில் வேறு, சூழலில் வேறு. ஆனால் இரண்டும் பணம் கொடுத்தவரை மக்களின் கண்ணிலிருந்து மறைப்பதையே நம்பி நிற்கின்றன.

எனவே, தோழர்களே, கோரிக்கைகள் தெளிவாக இருக்க வேண்டும். ஒவ்வொரு நிறுவனத்தின் உண்மையான உரிமையாளர் யார் என்பது பொதுப் பதிவேட்டில் இருக்க வேண்டும். அரசு வாங்கும் வெளிநாட்டுக் கடனின் நிபந்தனைகள் மக்கள் மன்றத்தில் வைக்கப்பட வேண்டும். கொள்ளைப் பணத்தைக் காக்கும் வங்கியும் குற்றவாளிக் கூண்டில் ஏற வேண்டும். சர்வாதிகாரிகளின் கடன்கள் மக்கள் தணிக்கைக்கு உட்பட வேண்டும். வங்கித் துறை பொதுத் துறையாக நீடிக்க வேண்டும் என்ற போராட்டத்துக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. வங்கி ஊழியர் சங்கத் தோழர்கள் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் இந்த இருட்டில் ஏற்றப்படும் ஒரு விளக்கு.

மார்க்கோசின் இராணுவ ஆட்சிக் காலத்தில், வடக்கு லூசோனின் மலைகளில் உலக வங்கியின் நிதியை நம்பி சிக்கோ ஆற்றில் அணைகள் திட்டமிடப்பட்டன. கலிங்கா பழங்குடி மக்களின் தலைவர் மாக்லிங் டுலாக் அதற்கு எதிராக மக்களைத் திரட்டினார். 1980 ஏப்ரல் 24 அன்று இராணுவத்தினர் அவருடைய வீட்டு வாசலில் அவரைச் சுட்டுக் கொன்றனர். ஆனால் மக்கள் பின்வாங்கவில்லை. உலக வங்கி பின்வாங்கியது. அணைத் திட்டம் கைவிடப்பட்டது. அந்த மலைவாழ் மக்களிடம் வங்கிக் கணக்கு இல்லை, வெளிநாட்டு வழக்கறிஞர் இல்லை. தங்கள் நிலத்தின் மீது உறுதியும், தங்களுக்குள் ஒற்றுமையும் இருந்தன. ஜூரிச்சில் தொடங்கிய கணக்கை முடித்து வைக்கும் ஆற்றல் எங்கே இருக்கிறது என்பதை அவர்கள் காட்டிச் சென்றிருக்கிறார்கள்.